கெளுத்தி வாங்கிய கதை

எழுபத்திரண்டு வயதில் ஒருவன், "கெளுத்தி மீன் வாங்கப் போகிறேன்" என்று சொன்னால் கேட்பவர்கள் உடனே குழம்பைப் பற்றித்தான் பேசுவார்கள். என் நண்பர்களும் அப்படித்தான் பேசினார்கள். ஒருவர் புளி சற்றுத் தூக்கலாக இருக்க வேண்டும் என்றார். இன்னொருவர், மண்சட்டியில் வைத்து மறுநாள் சாப்பிட வேண்டும் என்றார். "சாப்பிடுவதற்கு இல்லை, வளர்ப்பதற்கு" என்று நான் சொன்னதும் இருவரும் சிறிது நேரம் மௌனமாக இருந்தார்கள். பிறகு முதலாமவர் மிகுந்த பரிவோடு, "வீட்டிலே எல்லாரும் சௌக்கியம்தானே?" என்று விசாரித்தார்.

சௌக்கியத்துக்குக் குறைவில்லை. ஆனால் வீட்டில் சத்தம் குறைந்துவிட்டது. பிள்ளை குடும்பத்தோடு பெங்களூருக்குப் போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. அவன் விட்டுச் சென்ற பொருள்களில் ஒன்று, கூடத்தின் மூலையில் இருக்கும் கண்ணாடி மீன் தொட்டி. நாலு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். நிரப்பினால் சுமார் 250 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அது வெகு நாளாகக் காலியாகக் கிடந்தது. என் மனைவி அதற்குள் பழைய பத்திரிகைகளை அடுக்கி வைத்திருந்தாள். என் கதைகள் வெளிவந்த பத்திரிகைகள் அவை என்பதால், அவற்றுக்குப் பதிலாக மீன் வைக்கலாம் என்று நானே சொன்னபோது அவளுக்குக் கொஞ்சம் ஆச்சரியமாகத்தான் இருந்தது.

எனக்கு அழகான மீன் வேண்டும் என்று ஆசை இல்லை. என்னைத் தெரிந்துகொள்ளும் மீன் ஒன்று வேண்டும் என்பதே ஆசை. நான் வந்து நின்றால் அதுவும் வந்து நிற்க வேண்டும். அது ரொம்பச் சின்னதாக இருந்தால், புரை எடுத்த என் கண்ணுக்கு அகப்படாது. ரொம்பப் பெரிதாகிவிட்டால் தொட்டி தாங்காது. ஆகவே நடுத்தர அளவில், ஒரு சாணுக்குள் நிற்கும் மீனாக, சுமுகமான சுபாவம் உடையதாகப் பார்க்க வேண்டும். நம் ஊரில் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பவர்கள் சொல்லும் நிபந்தனைகள் மாதிரியே இருக்கிறது, இல்லையா?

கெளுத்தி என்று ஏன் தீர்மானித்தேன் என்று கேட்கலாம். அதற்குக் காரணம் என் பாட்டி. குடமுருட்டிக் கரையில் எங்கள் கிராமத்து வாய்க்காலில், எட்டு வயதில், மதகுக் கல்லின் பொந்துக்குள் கையை விட்டேன். உள்ளே இருந்த கெளுத்தி தன் பக்கத்துத் துடுப்பின் முள்ளால் என் உள்ளங்கையில் ஒரு போடு போட்டது. ஊர் முழுக்கக் கேட்கும்படி அலறிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். பாட்டி வெந்நீரில் என் கையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, "அது உன்னை ஒன்றும் செய்யவில்லையடா. நீதானே அதன் வீட்டுக்குள்ளே கையை விட்டாய்?" என்றாள். வலி அன்று இரவே போய்விட்டது. மீனுக்கும் வீடு உண்டு என்ற எண்ணம் மட்டும் போகவில்லை.

பின்னாளில் படித்தபோது, அந்த மீசைக்காரனிடம் மதிப்பு இன்னும் கூடியது. உலகத்தில் கெளுத்தி இனங்கள் மூவாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. பெரும்பாலானவற்றுக்கு உடம்பில் செதிள் கிடையாது. மீசையில் மட்டும் அல்லாமல், உடம்பெங்கும் சுவை அறியும் மொட்டுகள் உண்டு. அதாவது கெளுத்தி என்பது முழுக்க முழுக்க நாக்கால் ஆன ஒரு பிராணி என்று சொன்னாலும் தவறில்லை. காது விஷயத்திலும் அது சாமானியம் அல்ல. அதன் வயிற்றிலுள்ள காற்றுப் பையிலிருந்து உட்காது வரையில் சிறு சிறு எலும்புகள் சங்கிலி போலக் கோத்திருக்கின்றன. தண்ணீரில் எழும் ஓசை அதன் வழியாகக் காதுக்குப் போய்ச் சேருகிறது.

ஆஸ்திரியாவில் பிறந்த கார்ல் வான் ஃபிரிஷ் என்ற விஞ்ஞானி, தேனீக்களின் நடனத்தை ஆராய்ந்து 1973-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். அவர் அதற்கு ஐம்பது வருஷம் முன்னால், 1923-ல், ஒரு கெளுத்தியைப் பற்றிக் கட்டுரை எழுதினார். மீன்களுக்குக் காது கேட்காது என்று சில பெரிய மனிதர்கள் சாதித்து வந்த காலம் அது. அவர் கண்பார்வை இல்லாத ஒரு கெளுத்தியை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வேளையும் உணவு கொடுப்பதற்கு முன்னால் ஒரு சீழ்க்கை அடித்தார். சில நாட்களில், உணவு இல்லாமல் சீழ்க்கை மட்டும் கேட்டாலே அந்த மீன் தன் குழாய் வீட்டிலிருந்து வெளியே வர ஆரம்பித்துவிட்டது. கூப்பிட்டால் வருகிற மீன்! இதைப் படித்த அன்று முதல் என் மனசில் ஒரு கெளுத்தி குடியேறிவிட்டது.

இந்த இடத்தில் நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டாக வேண்டும். அந்தத் தொட்டி காலியாகக் கிடந்ததற்குக் காரணம் பிள்ளை ஊருக்குப் போனது மட்டும் அல்ல.

அவன் இங்கே இருந்த காலத்தில், பேரனுக்காக ஒரு மீன் வாங்கி வந்தோம். கட்டை விரல் அளவு. வாயால் கண்ணாடியைக் கவ்விக்கொண்டு தொங்கும். "இது தொட்டியைச் சுத்தம் செய்யும், வேறு செலவே இல்லை" என்றார் கடைக்காரர். அதற்கு 'சக்கர்' என்று பெயர் சொன்னார். அதுவும் கெளுத்திக் குலத்தைச் சேர்ந்ததுதான். தென் அமெரிக்க நதிகளிலிருந்து வந்தது. உடம்பில் செதிளுக்குப் பதிலாகக் கவசம் போன்ற எலும்புத் தகடுகள். அது பாசியைத் தின்றது, நாங்கள் போட்டதையும் தின்றது, வளர்ந்தது. மூன்று வருஷத்தில் ஒன்றேகால் அடி ஆயிற்று. சுத்தம் செய்ய வந்தவனே வீட்டை நிறைத்துக்கொண்டான். அவன் போடும் கழிவைத் தினம் நாங்கள் சுத்தம் செய்தோம். பிள்ளை ஊருக்குப் புறப்பட்ட வாரம், யாரும் எடுத்துக்கொள்ள முன்வராத அந்த மீனை ஒரு வாளியில் போட்டு, இருட்டின பிறகு ஸ்கூட்டரில் கொண்டுபோய் எங்கள் பகுதி ஏரியில் விட்டுவிட்டு வந்தேன். ஒரு ஜீவனுக்கு விடுதலை கொடுத்துவிட்டதாக எண்ணிக்கொண்டு, நிம்மதியாகத் தூங்கவும் செய்தேன்.

ஒரு வருஷம் கழித்து, அதே ஏரிக்கரையில் காலையில் உலாவப் போனேன். ஒரு மீனவர் வலையை இழுத்துக் கரையில் போட்டுப் பிரித்துக்கொண்டிருந்தார். வலையில் கெண்டை நாலைந்துதான் இருந்தன. மற்றதெல்லாம் கறுத்த, கவசம் போட்ட சக்கர் மீன்கள். முள்ளில் சிக்கி வலை அங்கங்கே கிழிந்திருந்தது.

"எந்தப் புண்ணியவானோ கொண்டாந்து விட்டுட்டான், பெரியவரே. வலையெல்லாம் கிழியுது. இதை வாங்குறதுக்கும் ஆள் இல்லே" என்றார் அவர். கரையில் எறிந்தால் செத்துப் போகும் என்றால், அதுவும் சட்டென்று நடப்பதில்லை. காற்றை விழுங்கி மணிக்கணக்காக உயிரோடு கிடக்கிற மீன் அது. கரையைக் குடைந்து வளை தோண்டி முட்டையிடும். நம் நாட்டு மீன்களின் இரையில் பங்குக்கு வரும்.

நான் ஒன்றும் பேசவில்லை. அந்தப் புண்ணியவான் நான் ஒருவன் மட்டும் அல்ல என்பது தெரியும்; ஊர் ஊராக எத்தனையோ வாளிகள் இருட்டில் போயிருக்கும். ஆனால் அவற்றில் ஒரு வாளி என்னுடையது. வீட்டுக்கு வந்து தொட்டியைத் துடைத்து, பத்திரிகைகளை அடுக்கிக்கொள்ளும்படி மனைவியிடம் சொன்னேன்.

ஆகவே இரண்டாவது முறை கெளுத்தி தேடப் போனபோது என் மனசில் ஒரு பயம் இருந்தது. சென்னையில் வண்ண மீன் என்றால் கொளத்தூர்தான். தெருவின் இரண்டு பக்கமும் கடைகள். ஒவ்வொரு கடையிலும் அடுக்கடுக்காகத் தொட்டிகள். பாலிதீன் பைகளில் பிராணவாயு அடைத்து ரப்பர் பாண்டு போட்டுக் கட்டிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். நான் நுழைந்த கடையில் இருபத்தைந்து வயதுப் பையன் ஒருவன் இருந்தான். "ஆளைப் பார்த்தால் பழகுகிற கெளுத்தியாக வேண்டும்" என்றேன். அவன் சிரிக்கவில்லை. அப்போதே அவனை எனக்குப் பிடித்துவிட்டது.

முதலில் அவன் காட்டியது சிவப்பு வால் கெளுத்தி. முதுகு கறுப்பு, பக்கத்தில் வெள்ளைப் பட்டை, வால் செம்பருத்தி நிறம். மூன்று அங்குலம்கூட இல்லை. கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து, நீண்ட மீசையை நீட்டி, என்னை ஏற இறங்கப் பார்த்தது. இத்தனை நாள் எங்கே போயிருந்தாய் என்று கேட்பது போல் இருந்தது. கிட்டத்தட்ட வாங்கிவிட்டேன். நல்ல வேளையாக, "இது கடைசியில் எவ்வளவு வளரும்?" என்ற கேள்வி வாயில் வந்துவிட்டது. பையன் கொஞ்சம் தயங்கி, இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான். கைகள் போதவில்லை. அமேசான் நதியில் ஒரு மீட்டருக்கு மேல் வளர்ந்து, நாற்பது கிலோவையும் தாண்டக்கூடிய மீன் அது.

அடுத்து, வெள்ளி நிறத்தில் 'ஷார்க்' என்று பெயர் எழுதிய குஞ்சுகள். சுறாவுக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. மேகாங் நதிக் கெளுத்தி அது. இப்போது நம் நாட்டுப் பண்ணைகளிலும் வளர்க்கிறார்கள். ஓட்டல்களில் 'பாசா' என்ற பெயரில் முள்ளில்லாத துண்டாக வருவது பெரும்பாலும் இதுதான். இதுவும் ஒரு மீட்டர் வளரும். தவிர, பயந்த சுபாவம். கடைக்கதவைச் சாத்தினால் போதும், கண்ணாடியில் போய் மோதிக்கொள்ளும். என்னை அறிந்துகொள்வதற்கு முன்பே மூக்கை உடைத்துக்கொண்டுவிடும்.

கோரிடோரஸ் என்ற குட்டிக் கெளுத்திகள் கூட்டமாக மணலைக் கிளறிக்கொண்டு இருந்தன. சாதுவானவை; கண்ணைச் சிமிட்டுவது போல் ஒரு சேஷ்டை வேறு செய்கின்றன. ஆனால் இரண்டு மூன்று அங்குலத்தோடு நின்றுவிடும். தவிர, அவற்றுக்கு அவற்றின் கூட்டமே போதும். நான் தேவை இல்லை. நம் ஊர்த் தேளி மீன் கிடைக்குமா என்றும் கேட்டேன். "முள்ளிலே விஷம், ஐயா. தண்ணி மாத்துறப்போ கை போடணுமே" என்றான். என் உள்ளங்கை அதை உடனே ஆமோதித்தது.

கடைசியாக அவன் ஒரு மண் குழாயை மெல்லத் தூக்கினான். அதன் அடியில், கூரையைப் பற்றிக்கொண்டு, வயிறு மேலே முதுகு கீழே என்று தலைகீழாக ஒரு மீன் இருந்தது. பழுப்பு உடம்பில் கரும்புள்ளி. முதுகில் பாய்மரம் போல் உயர்ந்த துடுப்பு. சினோடான்டிஸ் என்ற ஆப்பிரிக்க இனம். நைல், நைஜர் நதிப் பக்கத்தது. இதன் உறவினன் ஒருவன் தலைகீழாக நீந்துவதைப் பழைய எகிப்தியர்கள் பார்த்து, கல்லறைச் சுவரில் அப்படியே செதுக்கி வைத்திருக்கிறார்கள். பையன் அதை வலையில் எடுத்தபோது 'கிரீச் கிரீச்' என்று ஒரு சத்தம் கேட்டது. பக்கத்து முள்ளின் அடியை மூட்டோடு உரசி அந்தச் சத்தத்தை உண்டாக்குகிறது.

"எவ்வளவு வளரும்?"

"தொட்டியிலே எட்டு அங்குலம். மிஞ்சினா கொஞ்சம் மேலே. முதல்லே ஒளிஞ்சுக்கும், ஐயா. ஒரே ஆள் ஒரே நேரத்திலே தீனி போட்டா, பழகிடும்."

எனக்குத் திருப்தி. பையை எடுத்தேன். அப்போது, அதுவரையில் ஒரு வார்த்தையும் பேசாமல் வாசல் பக்கம் நின்றிருந்த என் மனைவி, "எத்தனை வருஷம் இருக்கும், தம்பி?" என்று கேட்டாள்.

"நல்லா வெச்சுக்கிட்டா பதினைஞ்சு வருஷம் இருக்கும்மா."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். எழுபத்திரண்டும் பதினைந்தும் கூட்டினால் என்ன வரும் என்பது கணக்கில் மட்டமாக இருந்த எனக்கும் தெரிந்தது. "அப்புறம் யார் ஸ்கூட்டரில் வாளியை எடுத்துக்கொண்டு போவது?" என்றாள். குரலில் குத்தல் இல்லை, அதனால்தான் குத்தியது.

வெறுங்கையோடு வீடு திரும்பினோம். வழியெல்லாம் யோசனை. முன்பு ஒரு மீனை அதன் கடை அளவைப் பார்த்து வாங்கினேன். முழு அளவைப் பார்க்கவில்லை. இப்போது அளவைப் பார்த்தேன், ஆயுளைப் பார்க்கவில்லை. அது என்னைத் தெரிந்துகொள்ளுமா என்று ஊரெல்லாம் விசாரித்தேனே தவிர, அதை நான் தெரிந்துகொண்டேனா என்று யோசிக்கவே இல்லை.

பக்கத்து வீட்டில் எட்டாவது படிக்கும் ஒரு பெண் இருக்கிறாள். தாய் தகப்பன் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். மாலையில் பள்ளிக்கூடம் விட்டதும் எங்கள் வீட்டில்தான் இருப்பாள். அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். "எனக்குப் பிறகு அந்த மீனை நீ வைத்துக்கொள்வாயா?" என்று கேட்டேன். அவள் உடனே தலையாட்டிவிடவில்லை. "அப்பாகிட்டே கேட்டுட்டுச் சொல்றேன், தாத்தா" என்றாள். மறுநாள் அவள் தகப்பனார் தாமே வந்தார். தொட்டியை அளந்து பார்த்தார். தம் வீட்டில் அது எங்கே நிற்கும் என்று யோசித்தார். தண்ணீரோடும் மணலோடும் முந்நூறு கிலோ தாங்குகிற மேஜை வேண்டும் என்பதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "சரி, ஐயா" என்றார். என் சொத்தை வாங்கிக்கொள்ளச் சம்மதித்தவர் முகத்தில்கூட இத்தனை கவலையை நான் பார்த்திருக்க மாட்டேன்.

அதற்குப் பிறகு வேலை நடந்தது. கூர்மையான கூழாங்கல் மீசையைத் தேய்த்துப் புண்ணாக்கும் என்பதால், மெல்லிய ஆற்று மணலைப் பத்துத் தரம் அலசிப் போட்டோம். உடைந்த மண்பானை ஒன்றைக் கவிழ்த்து வீடு கட்டினோம். ஃபில்டரை ஓட்டிவிட்டு, மீன் இல்லாமலே ஒரு சிட்டிகைத் தீனி போட்டு ஆறு வாரம் காத்திருந்தோம். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைத் தின்று, அதைத் தீங்கு குறைந்த பொருளாக மாற்றும் கிருமிகள் ஃபில்டரில் குடியேற அவ்வளவு காலம் ஆகும். 'காலித் தண்ணீருக்குச் சோறு போடுகிறார்' என்ற பெயர் எனக்குத் தெருவில் ஏற்பட்டது.

ஆறு வாரத்துக்குப் பிறகு கொளத்தூருக்குப் போய் அந்தப் பாய்மரக்காரனை வாங்கி வந்தோம். மூன்று அங்குலம். முதல் மாதம் அவன் மீசை நுனியைக்கூடக் காட்டவில்லை. பானைக்குள் தலைகீழாக ஒட்டிக்கொண்டிருந்தான். நான் வான் ஃபிரிஷை நினைத்துக்கொண்டு சீழ்க்கை அடித்துப் பார்த்தேன். பல் செட்டை வைத்துக்கொண்டு சீழ்க்கை அடிக்க முடியாது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. கடைசியில் எவர்சில்வர் டம்ளரைத் தொட்டியின் விளிம்பில் மூன்று தரம் மெதுவாகத் தட்டுவது என்று ஏற்பாடு. மாலை ஆறு மணிக்கு மூன்று தட்டு. அடியில் போய்ச் சேரும் வில்லைத் தீனி இரண்டு. நாற்பதாவது நாளோ என்னவோ, மூன்றாவது தட்டு ஓய்வதற்குள் பானை வாயில் இரண்டு மீசை தெரிந்தது. அப்புறம் தலை. அப்புறம் அவன் முழுசாக வெளியே வந்து, கண்ணாடி ஓரமாக என் முகத்துக்கு எதிரே நின்றான். என் முதல் கதை அச்சில் வந்த அன்றுகூட நான் இப்படிக் கூச்சல் போட்டதில்லை என்று என் மனைவி சாட்சி சொல்கிறாள்.

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது அவன் ஆறு அங்குலம். சாப்பிட்டு முடித்ததும் விரலை நீரில் விட்டால் மீசையால் தடவிப் பார்த்துவிட்டுப் போவான். உடம்பெல்லாம் நாக்கு அல்லவா? என்னை ருசி பார்க்கிறான் என்றுதான் அர்த்தம். ஒன்றும் பிரமாதமாக இல்லை என்று தீர்மானித்திருக்க வேண்டும்.

போன கார்த்திகையில் மூச்சுத் தொந்தரவால் பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். இரவில் தூக்கம் வராதபோது கூடத்து மூலைதான் ஞாபகம். நான் இல்லாமல் அவன் பானைக்குள்ளேயே கிடப்பானோ, சாப்பிடுவானோ மாட்டானோ என்று மனசு அடித்துக்கொண்டது. உண்மையைச் சொன்னால், நான் இல்லாததை அவன் கொஞ்சம் உணர வேண்டும் என்ற நப்பாசையும் இருந்தது.

வீடு திரும்பிய அன்று மாலை ஆறு மணி. சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டுப் பெண் உள்ளே வந்தாள். என்னைப் பார்த்து, "தாத்தா, நீங்க தட்டுறீங்களா?" என்று டம்ளரை நீட்டினாள். எழுந்திருக்கத் தெம்பு இல்லை. "நீயே தட்டு" என்றேன். அவள் மூன்று தரம் தட்டினாள். எனக்கு வருவதுபோலவே, ஒரு கணம்கூடத் தாமதிக்காமல் அவன் வெளியே வந்து, அவள் முகத்துக்கு எதிரே நின்றான்.

அவன் அறிந்தது என்னையா, டம்ளரையா என்று இனி நான் விசாரிக்கப் போவதில்லை. நாற்காலியில் சாய்ந்துகொண்டு கண்ணை மூடினேன். ஏரிக்கரையில் அந்த மீனவரைப் பார்த்த நாளிலிருந்து என் மனசில் இருந்த வாளியின் கனம், அன்றைக்குத்தான் கொஞ்சம் இறங்கியது.